ஒல்லி டயர்

ஆகஸ்ட் 5, திங்கள்

இனி கார் ஓட்டலாம் என்று டாக்டர் இன்று வாயைத் திறந்து சொல்லிவிட்டார். "கூட்டத்துக்குள்ள மட்டும் போகாதீங்க சார், மாஸ்க் போட்டுக்குங்க" என்று வழக்கமான வாலையும் சேர்த்தார். வாலைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

என் மனைவி சுலோசனா தன் இடது சிறுநீரகத்தை எனக்குக் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகிறது. இந்த டைரியே அதற்காக வாங்கியதுதான். ஒரு பக்கம் குடித்த தண்ணீர், மறுபக்கம் வெளியே போன அளவு. இப்போது அந்தக் கணக்கு வேண்டாமாம். மீதிப் பக்கங்களை வீணாக்க மனம் வரவில்லை. வேலைக்காலம் முழுக்கப் பம்ப் செட் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். எதையாவது குறித்துவைக்காவிட்டால் கை அரிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். டயாலிசிஸ் காலத்தில் நாக்கை நனைக்க ஒரு ஐஸ் துண்டுதான், அதற்கும் கெஞ்ச வேண்டும். இப்போது தடுக்க ஆளில்லை. இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்பதில் எனக்குக் குழப்பமே கிடையாது. சாமி நம்பிக்கை இல்லாதவனுக்கு இது ஒரு வசதி. நன்றிக்குரிய ஆள் சமையலறையிலேயே இருக்கிறாள். சொல்லத்தான் வாய் வருவதில்லை.

டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். "நல்லாயிட்டா, நம்ம செவப்பு வண்டில மொத ஓட்டம் உன்னோடதான் அம்மிணி. சிறுவாணி ரோட்டுல."

"மொதல்ல எந்திரிச்சு உக்காருங்க" என்றாள்.

எழுந்து உட்கார்ந்தாகிவிட்டது. இனி வண்டிதான் பாக்கி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஷெட்டைத் திறந்தேன். நோய் வந்ததிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. ஓட்ட முடியாத வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தைரியம் எனக்கு இல்லை.

வண்டி அப்படியே இருக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் இங்கிலாந்தில் ஓடிய இரண்டு சீட் பந்தயக் காரின் நகல். கூரை கிடையாது, நீளமான மூக்கு, கம்பி போட்ட சக்கரம். அசலை வாங்க வேண்டுமானால் இந்த வடவள்ளி வீட்டை விற்று, பக்கத்து வீட்டையும் சேர்த்து விற்க வேண்டும். அதனால் நானே கட்டினேன். உடம்பு ஃபைபர், இன்ஜின் ஒரு பழைய உள்ளூர்க் காருடையது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகச் செய்து முடிக்க ஏழு வருடம் பிடித்தது.

பாட்டரி செத்திருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். டயர்கள் ரோட்டில் படுகிற பட்டன் தேயாமல் அழகாக இருக்கின்றன, ஆனால் பக்கச் சுவரில் நகத்தால் கீறியதுபோல வெடிப்பு. வயதான ரப்பர். நான்கையும் மாற்றியே தீர வேண்டும்.

எரிச்சல் எதில் வந்தது என்றால் எலுமிச்சம்பழத்தில். ஒவ்வொரு டயருக்குப் பக்கத்திலும் தரையில் பழுப்பாகக் கறை. காய்ந்த தோல் ஒன்று பட்டனுக்குள் சிக்கியிருந்தது. அமாவாசைக்கு அமாவாசை டயருக்கு அடியில் பழம் வைத்து நசுக்குகிற கூத்து. படுக்கையிலிருந்தபோது ஷெட்டில் சத்தம் கேட்டு நான் உள்ளேயிருந்து கத்தியது ஞாபகம் இருக்கிறது. இன்று நேராகச் சமையலறைக்கே போனேன்.

"எலுமிச்சைப் புளிப்பு ரப்பரத் தின்னுரும். தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க" என்றாள், கீரை ஆய்ந்தபடி. "வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாரும் வெக்கறதுதான?"

"ஓடாத வண்டிக்கு என்ன திருஷ்டி?"

கீரைக்குத்தான் முழுக் கவனமும்.

இந்த மாதக் கடைசிக்குள் சிறுவாணி ரோடு என்றேன். கை ஒரு நொடி நின்றது. "நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு அந்த வண்டில உக்காரச் சிரமமுங்க. சீட் ரொம்பத் தாழ்ப்பம்."

இதே சீட்டில் உட்கார்ந்து பொள்ளாச்சி வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

துரைராஜ் வந்தான். அவிநாசி ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறான். இளவயதில் பந்தயத் தடத்தில் குட்டிக் கார் ஓட்டியவன், இன்னும் அந்த மிதப்பு போகவில்லை. டயர் விஷயத்தில் அவன் சொல்வதை அப்படியே நம்பலாம்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, உள்ளங்கையால் டயரைத் தடவினான். மறுபடி சுற்றினான்.

"சார், வண்டி எத்தன நாளா நிக்குது?"

"மூணு வருஷம் ஆகப்போகுது."

"நின்ன வண்டி மாதிரி இல்லீங்களே. ஒரே எடத்துல நின்னா கீழ் பக்கம் சப்பையாயிருக்கோணும். இது நாலும் உருண்டையா இருக்குதுங்க."

நிறுத்துவதற்கு முன் நான் காற்றை அதிகமாக அடைத்துவைத்தேன், அதனால்தான் என்று விளக்கினேன். என் முன்யோசனையை அவன் போதுமான அளவு பாராட்டவில்லை.

இரண்டு வழி சொன்னான். ஒன்று, அகல டயர். 205 அளவு, பக்கச் சுவர் குட்டை, சக்கரக் கூட்டை நிறைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். நான் வண்டி கட்டிய நாளிலிருந்து கனவு கண்டது இதுதான். அவன் கடை ரேக்கிலேயே இருக்கிறது. மற்றது 165 அளவு, ஒல்லி, பக்கச் சுவர் உயரம். பழைய வண்டு மாடல் கார்க்காரர்களுக்காகச் சென்னையில் ஒருவர் தருவிக்கிறார். சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"அசல் வண்டில இந்த ஒல்லிதானுங்க இருந்துச்சு" என்றான்.

"நகல் வண்டிக்கு எதுக்கு அசல் டயர்? அகலத்தையே போடு."

செப்டம்பர் முதல் தேதி ரேஸ்கோர்ஸில் பழைய கார்களின் அணிவகுப்பு. இந்த வருடம் நகல் வண்டிகளுக்கும் ஒரு வரிசை ஒதுக்கியிருக்கிறார்களாம், துரைராஜ் என் பெயரைக் கொடுத்துவிட்டான். காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அது கூட்டத்துக்குள் போனதாக ஆகாது. டாக்டரிடம் இதைக் கேட்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எங்கள் சின்னக் காரில் காய்கறி வாங்கப் போனோம். கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ரோட்டில் எனக்கு முன்னால் போன ஒவ்வொருவர் மேலும் பிரியமாக இருந்தது, குறுக்கே வந்த ஆட்டோக்காரர் உட்பட.

பள்ளிக்கூடத்து வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது சுலோசனாவின் இடது கை விலாப்பக்கம் போயிற்று. அடுத்ததிலும் போயிற்று. வேகத்தடை வருவதற்கு முன்பே போயிற்று.

கத்திரிக்காய் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

தண்ணீர் தாராளம். வரத்துக்கும் போக்குக்கும் குறையில்லை. நன்றி.

ஆகஸ்ட் 14, புதன்

டயர் வாங்குவதற்கு முன் சோதனை செய்வது என் வழக்கம். பக்கச் சுவரின் உயரம் பயணத்தை எந்த அளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். இது முழுக்க முழுக்க டயர் சம்பந்தப்பட்ட விஷயம்.

துரைராஜின் காரில் குட்டைச் சுவர் டயர் போட்டிருக்கிறான். ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, மருதமலை அடிவாரம் வரை சுலோசனாவைக் கூட்டிப்போனேன். எதற்கு என்றாள். சும்மா காற்றாட என்றேன். ஏசி காரில் என்ன காற்று என்று கேட்காமல் விட்டாள்.

முடிவு: எல்லா வேகத்தடையிலும் கை போயிற்று. ஒரு குழியில் உதட்டைக் கடித்தாள். "வலிக்குதா?" என்று கேட்டேன். "எனக்கென்னங்க வலி?" என்றாள்.

ஆகஸ்ட் 17, சனி

காலையில் அவள் குளிக்கும் நேரம் பார்த்து எங்கள் காரின் டயர்களில் காற்றைக் குறைத்தேன். அதே வண்டி, அதே ரோடு, அதே வேகம், காற்று மட்டும் வேறு. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் முறையான சோதனை.

முதல் வேகத்தடையில் கை பாதி தூரம் போய் நின்றது. மூன்றாவதில் போகவே இல்லை. திரும்பி வரும்போது எதிர்வீட்டு ராயப்பனின் இளைய மகளின் கல்யாணப் பேச்சை எடுத்து, வீடு வரும்வரை நிறுத்தாமல் பேசினாள்.

காற்று மெத்தைதான் விஷயம். மெத்தை வேண்டுமென்றால் சுவர் உயரமாக இருக்க வேண்டும். குட்டைச் சுவரில் காற்றைக் குறைத்தால் சக்கரக் கம்பி அடிவாங்கும்.

டயர் சம்பந்தப்பட்ட குறிப்பு இத்துடன் முடிகிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

துரைராஜ் கேட்காமலேயே அகல டயர் இரண்டைக் கொண்டுவந்து முன்பக்கம் மாட்டிக் காட்டினான். வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளி வெயிலில் நிறுத்தினோம்.

பொய் சொல்லக் கூடாது. அப்படி ஒரு அழகு. தோள் அகன்ற மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் நின்றது. அந்த வழியாகப் போன தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினார். நான் சுற்றிச் சுற்றி வந்தேன். எத்தனையோ முறை டயாலிசிஸ் மெஷின் ஓடும்போது கண்ணை மூடி இந்த வண்டியைத்தான் பார்த்திருக்கிறேன், இதே அகலத்தில்.

சுலோசனா மோர் கொண்டுவந்தாள். "நல்லாருக்குதுங்க. இதையே போடுங்க. ரேஸ்கோர்ஸ்ல எல்லாரும் பாக்கட்டும்."

"நீயும் வருவியா?"

"நா கூட்டத்துல ஓரமா நின்னு பாக்கறேன்."

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் போன் செய்து ஒல்லிக்குச் சொல்லிவிட்டேன்.

துரைராஜ் விடவில்லை. "நேத்து வரைக்கும் அகலம் அகலம்னு குதிச்சீங்களே சார்?"

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் அகல டயர் கூட்டில் உரசுகிறது என்றேன். உரசவில்லை, ஒரு விரல் இடம் இருந்தது. கம்பிச் சக்கரத்துக்குள் டியூப் போட வேண்டும், அதற்கு ஒல்லிதான் தோது என்றேன். கடைசியாக, அசல் வண்டியில் இருந்தது அதுதானே என்றேன்.

"நகல் வண்டிக்கு எதுக்கு அசல் டயர்னு கேட்டது நீங்கதானுங்க."

"மனுசன் மனச மாத்தக்கூடாதா?"

"தாராளமா மாத்துங்க. ஆனா சென்னையிலிருந்து ஒண்ணாந்தேதிக்குள்ள வந்து சேருமானு எனக்குத் தெரியாது. அணிவகுப்பு போயிருமுங்க."

போனால் போகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு கொஞ்ச நேரம் ஷெட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். வருத்தமில்லாமல் இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

டயர் வரவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சுலோசனாவின் சிறுநீரகம் எனக்குள் ஒரு புகாரும் இல்லாமல் வேலை பார்க்கிறது. அவளைப் போலவேதான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மாலை ராயப்பன் வந்தார். இன்சூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், சாமி பக்தி அதிகம், நெற்றியில் பட்டை இல்லாமல் நான் பார்த்ததில்லை.

"வர்ற திங்கக்கெழம அமாவாசைங்க. இந்தத் தடவ வண்டி தள்ள வரோணுங்களா, இல்ல நீங்களே ஓட்டிப்பீங்களா?"

என்ன தள்ளுவது என்று கேட்டேன்.

"எலுமிச்சம்பழம் நசுக்கறதுக்குத்தானுங்க. மொதல்ல எல்லாம் நம்ம சுலோசனாம்மாவும் நானும் தள்ளுவோம். ஆபரேசனுக்குப் பொறகு அவங்க தள்ளக் கூடாதுன்னு எங்க மருமகன், மாடி வீட்டுப் பசங்க, எல்லாம் வந்துருவோம். மத்தவங்க வீட்டுல டயரு பழத்து மேல ஏறுனாப் போதும். இந்தம்மா மட்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சக்கரம் அரைச் சுத்து சுத்துற வரைக்கும் விடமாட்டாங்க. ஒரு மாசம் முன்னால தள்ளுனா அடுத்த மாசம் பின்னால. நாங்க என்னத்தக் கண்டோம், அது ஏதோ வேண்டுதல்னு தள்ளீட்டுப் போயிருவோம்."

அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னேன். அவர் போன பிறகு ஷெட்டுக்குப் போய்த் தரையைப் பார்த்தேன். கறைகள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒவ்வொரு டயருக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் சரியாக அரைச் சுற்று தூரம். இருபது நாளாக அதன் மேல் நடந்துகொண்டிருக்கிறேன், தரப் பரிசோதகன்.

டயர் உருண்டையாக இருந்ததற்குக் காரணம் நான் அடைத்த காற்று இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சாப்பிடும்போது கேட்டேன்.

"ஒரே எடத்துல நின்னா டயர் சப்பையாயிரும்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள். எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. முதல் முறை ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காரில் புலம்பினேனாம்.

"அதுக்கு எலுமிச்சம்பழம் எதுக்கு?"

"வாங்க, வந்து காரத் தள்ளுங்கன்னா மாசாமாசம் யாருங்க வருவாங்க? ஓடாத வண்டியத் தள்ளி என்ன ஆகப்போகுதும்பாங்க. சாமி காரியம்னா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க." ரசத்தை ஊற்றினாள். "அதுவுமில்லாம, வண்டியப் பாத்துக்கிட்டா நீங்க எந்திரிச்சு வந்துருவீங்கன்னு எனக்கு ஒரு இது."

"அது மூடநம்பிக்கை."

"ஆமாங்க. வந்துட்டீங்கல்ல."

ரசம் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரசத்தில் எனக்காகக் காரமே போடுவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

நான் கட்டிலில் கிடந்து இனி அவ்வளவுதான் என்று முடிவுகட்டியிருந்த மாதங்களில், இந்த வீட்டில் ஒருத்தி நான் ஓட்டப்போகும் வண்டிக்கு டயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பிறகு உடம்பில் ஒரு பாகத்தையும் எடுத்துக் கொடுத்தாள். இரண்டையும் ஒரே மாதிரி, சத்தமில்லாமல். இந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பேன்?

ஆகஸ்ட் 31, சனி

துரைராஜ் போன். டயர் கோவைக்கு வந்துவிட்டது, ஆனால் லாரி ஆபீஸ் பூட்டியாகிவிட்டது. நாளை ஞாயிறு. திங்கள் காலைதான் கிடைக்கும்.

"ரேக்குல அகலம் இன்னும் இருக்குதுங்க சார். சொன்னீங்கன்னா இப்பவே வந்து மாட்டித் தர்றேன். நாளைக்கு அணிவகுப்பு முடிஞ்சு கழட்டிக்கலாம்."

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. அகல டயரோடு ரேஸ்கோர்ஸ், சுலோசனா கூட்டத்தில் ஓரமாக. வேண்டாம் என்றேன். மொத ஓட்டம் யாரோடு என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அணிவகுப்பு நன்றாக நடந்ததாம். போட்டோ அனுப்பினான். பார்த்தேன். மத்தியானம் தூங்கினேன்.

செப்டம்பர் 2, திங்கள், அமாவாசை

காலையிலேயே துரைராஜ் வந்து நான்கு டயரையும், கூடவே ஒரு புதுப் பாட்டரியையும் மாட்டிவிட்டான். தள்ளி நின்று பார்த்தேன். பயில்வானுக்குக் கொக்கின் கால் வைத்ததுபோல இருக்கிறது. "போகப் போகப் பழகிருமுங்க" என்று ஆறுதல் சொன்னான். கழற்றிய பழைய டயர்களை எடுத்துப்போகிறேன் என்றான். ஒன்றையாவது வைத்துக்கொள்கிறேன் என்றேன். சுலோசனா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்: "தண்ணி தேங்கிக் கொசு வரும். கார்ப்பரேசன்காரங்க வந்து திட்டுவாங்க. உங்களுக்குக் காய்ச்சல் கீச்சல் வரக் கூடாதுங்க." நான்கும் அவனோடு போயின.

காற்றை நான்தான் அடைத்தேன். எவ்வளவு என்று சோதனையில் தெரிந்திருந்தது.

பிறகு நான் கடைக்குப் போய் நான்கு எலுமிச்சம்பழம் வாங்கிவந்தேன். ஒவ்வொரு டயருக்கும் முன்னால் குனிந்து வைத்தேன். ராயப்பன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தவர் பார்த்தபடியே நின்றார்.

"உங்களுக்குத்தான் நம்பிக்கை கெடையாதே?" என்றாள் சுலோசனா.

"கெடையாது. ஆனா மூணு வருசச் சோதனையில பழம் பாஸ் ஆயிருச்சு. தரப் பரிசோதகன் அத மறுக்க முடியாது."

அவள் சிரித்துவிட்டு வாசலில் நின்றாள். நான் இடதுபக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். சீட்டில் ஒரு தலையணையும் வைத்திருந்தேன்.

"ஏறு அம்மிணி. சீட் இப்ப தாழ்ப்பம் இல்ல."

அவள் சீட்டைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தாள். "எதுக்குங்க இந்த ஒல்லிய வாங்குனீங்க?"

"அசல் வண்டில இதான் இருந்துச்சு."

"காத்தக் கொறச்சு வெச்சுட்டு, ரோட்டப் பாக்காம என்ற கையவே பாத்துட்டு ஓட்டுனீங்க. எங்கிட்டப் போய் அசல் வண்டிங்கறீங்க." வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள். "வலிக்குதுன்னு சொன்னா நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னுதாங்க சொல்லல. நாங்குடுத்தது பாரமாயிரக் கூடாதுல்ல."

"பாரமில்ல. ஏறு."

ஏறினாள். பழங்கள் நசுங்கும் சத்தம் நான்கும் கேட்டது.

பேரூர் தாண்டி, சிறுவாணி ரோட்டில் மலை எதிரே வந்தது. மழை விட்டு மூன்று நாள் ஆகியும் மலையில் ஈரம் போகவில்லை. கூரையில்லாத வண்டியில் காற்று முகத்தில் அறைந்தது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடமாகச் சொல்ல வராத வாய் எனக்கு அந்த இடத்தில்தான் வந்தது.

"சுலோசனா, பெரிய உபகாரம் பண்ணீட்ட எனக்கு."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

பார்த்தேன். எதிரே பள்ளிக்கூடப் பலகை, அதற்குக் கீழே வேகத்தடை, உயரமானது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரமும் ஏறி இறங்கியது. அவளுடைய இடது கை, பறக்கிற முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு மேலே இருந்தது. அங்கேயே இருந்தது.